மெர்லினுக்கு நான் கொடுத்த ட்ரெயினிங்

கிளட்சை மெதுவா விடுங்க மேடம். மெதுவா, மெதுவா. ம்… அவ்வளவுதான். வண்டி தானா நகரும், நீங்க முன்னாடி சாஞ்சு தள்ள வேண்டாம். ஸ்டியரிங்கையும் இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க. அது எங்கயும் ஓடிறாது.

கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியைப் பாருங்கன்னா நீங்க பின் சீட்டைப் பாக்குறீங்க. தெரியுது. வந்து உக்காந்ததுலேருந்து அந்த மஞ்சள் வாத்தைத்தானே பாக்குறீங்க? அது பொம்மை இல்ல மேடம். என் மக மெர்லினோட பாட்டி சீட்டு. பிள்ளைங்க உக்காந்து ஆய் போற சேர். கழுவித் துடைச்சு வெயில்ல காயவச்சதுதான், முகத்தைச் சுளிக்காதீங்க. சாயங்காலம் இந்த வண்டியிலதான் மாமியார் வீட்டுக்குப் போறோம். நாங்க வேட்டி சேலையை மறந்தாலும் மறப்போம், அதை மறக்க மாட்டோம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ரோட்டைப் பாத்துக்கிட்டே சிரிங்க. அந்தச் சேருக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கேன். கோர்ட்டு வக்கீல், கல்யாணப் பொண்ணு, ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், எல்லாரும் பாஸ். என் பொறுமைக்கு இந்தத் திருச்சியில பேரு இருக்கு மேடம். அப்படிப்பட்ட என்னை ரெண்டரை வயசுப் பிள்ளை ஆட்டி வச்சிருச்சு.

இண்டிகேட்டர்! இடது பக்கம். அது வைப்பர் மேடம். பரவாயில்ல, அதை நிறுத்துங்க.

எல்லாம் போன ஈஸ்டர் அன்னிக்கு ஆரம்பிச்சது. பூசை முடிஞ்சு மாமியார் வீட்டுல சாப்பாடு. என் சகலை ஸ்டீபன், என் மனைவி ரெஜினாவோட அக்கா வீட்டுக்காரர், எனக்கு எதிர்ல உக்காந்து மட்டன் எலும்பைத் தட்டிக்கிட்டே சொல்றாரு: “எங்க கெவினுக்கு ஒரே வாரம்தான் சகல. டயபர் தூக்கிப் போட்டாச்சு. உன் பிள்ளைக்கு இன்னுமா மாட்டி விடுற?” மாமனார், மாமியார், மச்சினன் பொண்டாட்டி எல்லாரும் என்னையே பாக்குறாங்க. மெர்லின் அந்த நேரம் பாத்து டயபர் தொங்கத் தொங்க நடு ஹால்ல ஓடுது. அதோட விட்டாரா? “டயபரோட வந்தா ப்ளே ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்க, தெரியுமில்ல?”ங்கறாரு.

எனக்கு இந்தப் போட்டி பொறாமையெல்லாம் கிடையாது மேடம். ஆனா அன்னிக்கே திரும்பி வர்ற வழியில கடையில நிறுத்தினேன். “பாட்டி சீட்டு இருக்கா?”ன்னு கேட்டேன். கடைக்காரர், “உக்காந்து எந்திரிக்கச் சிரமப்படுவாங்களாண்ணே, கைப்பிடி வச்சது தரட்டுமா?”ங்கறாரு. அவருக்குப் புரியவச்சு இந்த வாத்தை வாங்கிட்டு வந்தேன். ரெஜினா சொன்னா, “ஏங்க, அதுவா உக்காரட்டும். அவசரப்படாதீங்க.” நான் என்னிக்கு அவசரப்பட்டேன்? ஜூன்ல ஸ்கூல். ஏப்ரல் நடக்குது. அவ்வளவுதான் சொன்னேன்.

ரெஜினாவுக்கு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன் வேலை. காலையில போனா சாயங்காலம்தான் வருவா. எனக்கு அவ கிளம்புறதுக்கு முன்னாடியும் வந்ததுக்கு அப்புறமும்தான் கிளாஸ், பகல் முழுக்க நானும் மெர்லினும்தான். அதனால ட்ரெயினிங் என் பொறுப்பு. இதுல என்ன கம்ப சூத்திரம் இருக்குன்னு நினைச்சேன். எந்திரிச்சதும் உக்கார வை. சாப்பிட்டதும் உக்கார வை. தூங்கி எந்திரிச்சா உக்கார வை. ஒண்ணுக்குப் போறதை ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிச்சு மேடம்! போனதும் நான் கைதட்டுவேன், கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் விசாலாட்சியம்மாவைக் கூப்பிடுவேன், அவங்களும் மாடிப்படியில நின்னு கைதட்டுவாங்க. ஸ்டீபனுக்கு வீடியோ கூட அனுப்பினேன். சும்மா, ஒரு சந்தோஷத்துக்கு.

ஆனா ஆய் வரல.

ஒரு நாள் வந்துச்சு. எப்படி வந்துச்சுங்கறீங்க? கூழாங்கல்லு மாதிரி. பிள்ளை அலறின அலறல்ல விசாலாட்சியம்மா செருப்பு கூடப் போடாம மேல ஓடி வந்துட்டாங்க. லேசா ரத்தம் வேற. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பிள்ளை வாத்தை உதைச்சுத் தள்ளிட்டு என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, “வேணாம்ப்பா, வாத்து கடிக்குது, வேணாம்ப்பா”ன்னு அழுவுது. கேக்க முடியல மேடம்.

அதுக்கப்புறம் சுத்தமா நின்னு போச்சு.

செகண்ட் கியர் போடலாம். கிளட்சை முழுசா மிதிங்க. கீழ பாக்காதீங்க, கை அதுவாப் பழகிரும்.

நான் ஒண்ணும் வற்புறுத்தல மேடம். எதிர்ல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவேன், அவ்வளவுதான். “முக்கு செல்லம், முக்கு, நல்லா முக்கு, வந்திரும்”னு சொல்லிக்கிட்டே இருப்பேன். ஒரு தைரியத்துக்கு. நானும் கூடச் சேர்ந்து முக்கிக் காட்டுவேன். அது என் முகத்தையே பாக்கும். உதட்டைப் பிதுக்கும். எந்திரிச்சிரும். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா ஜன்னல் திரைக்குப் பின்னாடி நிக்கும். நுனிக்கால்ல எக்கி நின்னு, காலைப் பின்னிக்கிட்டு, முகமெல்லாம் செவந்து, அப்படியே நடுங்கும். ஆகா, வரப்போகுது, பிள்ளை முக்குதுன்னு நான் பாய்ஞ்சு தூக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடுவேன். வாத்து மேல வச்சதும் விறைச்சுக்கும். கட்டை மாதிரி. முட்டியை மடக்கவே முடியாது.

கிளாஸுக்கு வந்தா ரெஜினாவுக்குப் போன் போடுவேன். “போயாச்சா?” சிக்னல்ல நின்னா ஒரு போன். “போயாச்சா?” என்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவங்க எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. அந்தப் போஸ்ட்மாஸ்டர் சீட் பெல்ட் போடறதுக்கு முன்னாடியே, “தம்பி, பாப்பா போயிருச்சா?”ன்னு கேப்பாரு. ஃபாதர் பூசை முடிஞ்சு வாசல்ல நிறுத்திக் கேட்டாரு. மாமியார் கேட்டாங்க. ஸ்டீபன் தினம் கேட்டாரு. பிள்ளை மேல எவ்வளவு பேருக்கு அக்கறை பாருங்க! ரெஜினா மட்டும் ஒரு நாள் போனை எடுத்ததும், “அருளு, இன்னொரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்”னா. வேலை டென்ஷன், பாவம்.

பழம் கொடுத்துப் பாத்தேன். ராத்திரி உலர் திராட்சை ஊறப்போட்டுக் காலையில கொடுத்தேன். ரெண்டு வாய் தின்னுட்டு பால்தான் கேக்கும். பாட்டில் பாட்டிலா பால். பசியோட இருக்க வேண்டாமேன்னு நானும் கொடுத்தேன். விசாலாட்சியம்மா, “சோப்பைச் சீவிப் பின்பக்கம் உள்ள வச்சா சட்டுனு வந்திரும் தம்பி, எங்க காலத்துல அதான்”னாங்க. நான் சோப்பு டப்பாவை எடுத்துட்டேன் மேடம். ரெஜினா வந்து வழியில நின்னா பாருங்க. “என் பிள்ளை மேல யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களும்தான்.” அவ்வளவு மெதுவா சொன்னா. நான் சோப்பால கையைக் கழுவிட்டு வந்துட்டேன்.

அதோ லாரி வருது. பயப்படாதீங்க. அது அது பாதையில போகுது, நீங்க உங்க பாதையில போங்க. நான் பிரேக்ல கால் வச்சிருக்கேன். எனக்கும் ஒரு பிரேக் இருக்குல்ல இந்தப் பக்கம்.

அப்புறம் ஒரு நாள் ஜட்டியில கறை. கொஞ்சமா, தண்ணியா. மறுபடியும் கறை. நான் குதிச்சேன்! வந்திருச்சு, ஆனா பேதியா வருது, பழம் ஜாஸ்தி ஆயிருச்சுன்னு நினைச்சேன். நாங்கதான் விவரமானவங்களாச்சே. உடனே பழத்தை நிறுத்து, திராட்சையை நிறுத்து, வெறும் சாதக் கஞ்சி. ஸ்டீபனுக்குப் போன் போட்டு, “எல்லாம் சரியாயிருச்சு சகல, கொஞ்சம் லூஸா போகுது, அவ்வளவுதான்”னு சொல்லிட்டேன்.

ரெண்டு நாள்ல பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கிருச்சு. பாலும் வேணாம்னுருச்சு. வயிறு உப்பி, தொட்டா கல்லு. சோபாவுல குப்புறப் படுத்துக்கிட்டு, விளையாடக் கூப்பிட்டாலும் வரல. எப்பவும் வாயாடிக்கிட்டே இருக்கிற பிள்ளை மேடம் அது. பேச்சே இல்ல. ரெஜினா லீவு போட்டுட்டு, “இப்பவே டாக்டர்கிட்ட”ன்னா. நான்தான் வண்டி ஓட்டிக்கிட்டுப் போனேன். தினம் எத்தனை பேருக்குப் பதறாதீங்க பதறாதீங்கன்னு சொல்றவன். அன்னிக்கு ஒரு சைக்கிளை இடிக்கப் பாத்தேன்.

பிள்ளைங்க டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டுக்கிட்டு, தலை நரைச்சவங்க. மெர்லினைத் தொடவே இல்ல மொதல்ல. அது கையில இருந்த கரடி பொம்மையோட வயித்தை அமுக்கிப் பாத்தாங்க. “கரடிக்கு வயிறு வலிக்குதா?” மெர்லின் தலையாட்டிச்சு. “உனக்கு?” அதுக்கும் ஆட்டிச்சு. அப்புறம்தான் படுக்க வச்சு வயித்தைத் தொட்டுப் பாத்தாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க. என்ன சாப்பிடுது, எவ்வளவு பால், எப்படி உக்காருது, எப்படி ஒளிஞ்சுக்குது, கறை எப்போலேருந்து. நான் ஒண்ணு விடாம சொன்னேன். நல்லா விவரமா, நடிச்சே காட்டினேன்.

அவங்க சொன்னது கேளுங்க. திரைக்குப் பின்னாடி எக்கி நின்னுச்சே, அது முக்கல் இல்லையாம். அடக்கறதாம்! ஒரு தடவை வலிச்சதுனால பயந்து போய், வர்றதை வரவிடாம இறுக்கிப் பிடிச்சுக்குதாம். அடக்க அடக்க உள்ள இன்னும் கெட்டியாகுது, கெட்டியாக ஆக இன்னும் வலிக்குது, வலிக்க வலிக்க இன்னும் அடக்குது. கறையும் பேதி இல்ல. உள்ள கெட்டியா அடைச்சுக்கிட்டு நிக்க, அதைச் சுத்தித் தண்ணியாக் கசியறதாம். “நல்லவேளை சோப்பு வைக்கல”ன்னாங்க. “அதெல்லாம் நீங்களா எதுவும் செய்யக்கூடாது. வலி இன்னும் கூடினா பயமும் கூடும்.” ரெஜினா என்னைப் பாக்கல. ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தா.

அப்புறம் டாக்டர் மெர்லின்கிட்டக் குனிஞ்சு, “ஆய் போன்னு வீட்டுல யாருடா சொல்றாங்க?”ன்னு கேட்டாங்க.

பிள்ளை கரடியோட கையைத் தூக்கி என்னைக் காட்டிச்சு.

சின்னப் பிள்ளைதானே மேடம், எதிர்ல நான் உக்காந்திருந்தேன், என்னைக் காட்டிருச்சு.

மலத்தை இளக்குற மருந்து ஒண்ணு எழுதினாங்க. “சரியாயிருச்சுன்னு நீங்களா நிறுத்திராதீங்க. நான் சொல்ற வரைக்கும் கொடுக்கணும். அந்தப் பயம் மறக்கறதுக்கு நாளாகும்”னாங்க. பாலைக் குறைக்கச் சொன்னாங்க. தண்ணி, பழம், கீரை, காய். வாத்துல உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில நல்லா ஊனணும், பெரிய டாய்லெட்டுன்னா காலுக்குக் கீழ ஒரு முக்காலி. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் விளையாட்டா உக்காரலாம், பிடிச்சா. பிடிக்கலன்னா வேண்டாம். “இப்போதைக்கு டயபரே போடுங்க. ட்ரெயினிங்கை நிறுத்துங்க. முக்கியமா,” என்னைப் பாத்துச் சொன்னாங்க, “யாரும் போயாச்சான்னு கேக்கக்கூடாது.” பொதுவாச் சொன்னாங்க. எதிர்ல நான் இருந்ததால என்னைப் பாத்து.

மறுபடியும் டயபர்! மருந்துக்கடையில அந்தப் பாக்கெட்டைக் கையில வாங்கும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உங்களை மாதிரி ஒருத்தர் லைசென்ஸ் டெஸ்ட்ல போய் சுவத்துல மோதின மாதிரி.

ஸ்பீட் பிரேக்கர். பிரேக்… ஐயோ. சரி விடுங்க, வாத்து மட்டும்தான் விழுந்துச்சு.

கேக்காம இருக்கறது எவ்வளவு கஷ்டம்கறீங்க? மெர்லின் எதிர்ல வரும். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திரும். “என்ன மெர்லி, இன்னிக்கு என்ன விசேஷம்?”னு கேப்பேன். ரெஜினா அடுப்படியிலேருந்து, “அருளு!”ன்னு ஒரு சத்தம் போடுவா. சும்மா தூக்குற மாதிரி தூக்கி மோந்து பாப்பேன். அதுக்கும் ஒரு சத்தம். கடைசியில ரெஜினா வீட்டுல இருக்கிற நேரம் நான் மொட்டை மாடிக்குப் போய் நின்னுக்குவேன்.

மருந்து வேலை செஞ்சுது மேடம். மொத நாலஞ்சு நாள் கொஞ்சம் கலாட்டா, துணி துவைச்சே கை ஓஞ்சுருச்சு. அப்புறம் மெத்து மெத்துன்னு, அழுகை இல்லாம, திரைக்குப் பின்னாடி நின்னு டயபர்ல போக ஆரம்பிச்சுது. சாப்பாடு கேட்டுச்சு. கொய்யாப் பழத்தைக் கண்டா பறிச்சுது. வாயாட ஆரம்பிச்சுது. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. சத்தியமா, ஸ்டீபன் நினைப்பே வரல. ஒரு ரெண்டு மூணு நாளைக்கு.

ஒரு நாள் மாடியிலேருந்து இறங்கி வர்றேன், அறைக்குள்ள பேச்சு சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா மெர்லின் அந்தக் கரடியை வாத்து மேல உக்கார வச்சிருக்கு. எதிர்ல இது ஸ்டூல்ல. இடுப்புல கை. “முக்கு! நல்லா முக்கு! ஏன் வரல? பெரியப்பா சிரிப்பாரு. போயாச்சா? போயாச்சா? போயாச்சா?” கரடி காதைப் பிடிச்சு உலுக்குது. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு மேடம். பிள்ளைங்க யாரைப் பாத்து இதையெல்லாம் கத்துக்குதுன்னே தெரியல. விசாலாட்சியம்மாவாத்தான் இருக்கும். அவங்க கொஞ்சம் அவசரக்காரங்க. அவங்க நல்ல மனுஷி, அதனால நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஸ்டூலை மட்டும் எடுத்துப் பரண்ல போட்டுட்டேன்.

ஜூன் வந்துச்சு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெஜினாவோட ப்ளே ஸ்கூலுக்குப் போனேன். “மிஸ், பிள்ளை இன்னும் டயபர்ல இருக்கு, ஒரு ரெண்டு மாசம் டைம் கொடுங்க”ன்னேன். அந்த மிஸ் ஆச்சரியமாப் பாக்குறாங்க. “பாதிப் பிள்ளைங்க அப்படித்தான் சார் வருது. மாத்துத் துணி வச்சு அனுப்புங்க, போதும். சேத்துக்க மாட்டோம்னு யாரு சொன்னது?” யாரு சொன்னதுன்னு நான் சொல்லல. வெளிய வந்ததும் ரெஜினா கேட்டா. “ஒரு வார்த்தை முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம்ல?” கேக்கலாம்தான். இத்தனை டென்ஷன்ல யாருக்குத் தோணும்?

அப்புறம் டாக்டர் சொன்னபடி படிப்படியா. மொதல்ல டயபரோடயே பாத்ரூமுக்குள்ள நின்னு போகட்டும்னாங்க. போச்சு. அப்புறம் டயபரோடயே வாத்து மேல உக்காரட்டும்னாங்க. உக்காந்துச்சு, உக்காந்து பாட்டு பாடிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல. நான் கேக்கவே இல்ல. உதடு கடிச்சுக் கடிச்சுப் புண்ணாப் போச்சு, அது வேற விஷயம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்டீபன் குடும்பத்தோட எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தாரு. ரெஜினா பிரியாணி செஞ்சிருந்தா. நான் விருந்தாளிங்க வர்றாங்கன்னு புது சந்தனக் கலர் பேன்ட் போட்டிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்கோம். ஸ்டீபன் கெவினைப் பத்தி என்னமோ ஆரம்பிக்கிறாரு. அந்த நேரம் மெர்லின் வந்து என் சுண்டு விரலைப் பிடிச்சு இழுக்குது. “அப்பா வா.”

போனேன். பாத்ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போச்சு. அதுவே டயபரைக் கழட்டிச்சு. அதுவே வாத்தை இழுத்துப் போட்டு உக்காந்துச்சு. ரெண்டு காலையும் தரையில ஊனிக்கிச்சு. என்னைப் பாத்து, “அப்பா உக்காரு”ன்னுச்சு. எங்க உக்கார? தரையெல்லாம் தண்ணி. இப்பதான் எல்லாரும் கை கழுவிட்டுப் போயிருக்காங்க. “உக்காருப்பா.” உக்காந்தேன். ஈரத் தரையில, சந்தனக் கலர் பேன்ட்டோட. நான் வாயைத் திறந்தேன் மேடம். ஒண்ணுமில்ல, ஒரு தைரியம் சொல்லலாம்னு. அது தன் கையை எடுத்து என் வாயைப் பொத்திருச்சு. அந்தச் சின்ன உள்ளங்கையில கொய்யாப்பழ வாசனை.

அப்புறம் ஒரு கதை சொல்லிச்சு. ஒரு நாய்க்குட்டி ஆட்டோல போச்சாம். ஆட்டோவுக்குப் பசிச்சுச்சாம். ஆட்டோ நாய்க்குட்டியோட பிஸ்கட்டைத் தின்னுருச்சாம். நான் ஒரு வார்த்தை பேசல. தலையைக்கூட ஆட்டல. கதை நடுவுல பிள்ளை கொஞ்சம் நின்னுச்சு, முகத்துல ஒரு யோசனை, என் காதைப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம்.

எந்திரிச்சுக் குனிஞ்சு பாத்துச்சு. “கடிக்கல”ன்னுச்சு. நிதானமா, ஏதோ எனக்குத் தகவல் சொல்ற மாதிரி.

என் ரெண்டு கையும் தட்டறதுக்கு மேல போயிருச்சு மேடம். அப்படியே இறக்கிட்டேன். கழுவி விட்டேன். கண்ணுல என்னமோ தண்ணி தெறிச்சுது, பாத்ரூம் இல்லையா.

ட்ரெயினிங்னா அதான் மேடம். ஆரம்பத்துல நாம கொஞ்சம் அழுத்தமாச் சொல்லிக் கொடுத்திரணும். பின்னாடி அதுவாப் பலன் தரும். ரெஜினாகிட்ட இதைச் சொன்னா அவ இன்னிக்கு வரைக்கும் சிரிக்கிறா.

இப்படி ஓரமா நிறுத்துங்க. நியூட்ரல். ஹேண்ட் பிரேக். நல்லா ஓட்டினீங்க. இருங்க, இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிர்றேன்.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு வந்தேன். விஷயத்தைச் சொல்லவே இல்ல. ஸ்டீபன்கிட்டக் கூட. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன், அப்படி ஒரு சந்தோஷம். மேஜை மேல இருந்த தண்ணியை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான், ஹால் முழுக்கக் கொல்லுனு சிரிப்பு. பின்பக்கம் பேன்ட் தொப்பலா நனைஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. சந்தனக் கலர்ல நனைஞ்சா எப்படித் தெரியும்னு நினைச்சுக்குங்க. ஸ்டீபன் விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே, “என்ன சகல, பிள்ளைக்கு ட்ரெயினிங் கொடுக்கறேன்னுட்டு உனக்கே இன்னும் முடியலையா?”ங்கறாரு. ரெஜினாவோட அக்கா சிரிக்கிறாங்க, ரெஜினா முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா, நானும் சிரிச்சுட்டேன்.

மெர்லின் மட்டும் சிரிக்கல. என் கையிலேருந்து வழுக்கி இறங்கி உள்ள போச்சு. அலமாரிக் கதவு திறக்குற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து, எல்லார் முன்னாடியும், என் கையில ஒரு டயபரை வச்சுது. என் முட்டியைத் தட்டிக் கொடுத்துச்சு.

“போட்டுக்கோப்பா”ன்னுச்சு. “பரவால்ல. நான் கேக்க மாட்டேன்.”